சாட்சி சொல்லும் நேரம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஒரு கட்டம் வரும். பாட்டு முடிந்திருக்கும், பிரசங்கம் தொடங்கியிருக்காது. "சாட்சி சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்" என்பார் உபதேசியார். சிறிது நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு அம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவார். பையனுக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, ராத்திரி முழுக்க ஜெபித்தது, விடியும்போது காய்ச்சல் இறங்கியது. இரண்டே நிமிடம். நடுவில் ஓரிடத்தில் குரல் உடையும். சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்று சொல்ல, அவர் உட்கார்ந்துவிடுவார்.

கடவுள் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது கிறிஸ்தவத்தோடு கூடவே பிறந்த வழக்கம். அது ஆலயத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், விடுதி மொட்டைமாடியில் நடக்கிறது. அப்படிக் கேட்ட பேச்சு சிலருடைய வாழ்க்கையையே திருப்பியிருக்கிறது. சிலரோ இது எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு அது அவமதிப்பாகப் பட்டிருக்கிறது. ஒரே வகைப் பேச்சுக்கு இத்தனை விளைவுகள் ஏன்? சொல்பவர் உண்மைக்கு எவ்வளவு கடன்பட்டவர், கேட்பவருக்கு எவ்வளவு கடன்பட்டவர்? இதைக் கேட்டுப் பார்க்காமலேயே பல தலைமுறைகளாகச் சாட்சிகள் சொல்லப்பட்டு வருகின்றன.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சாட்சி கோர்ட்டுக்குரிய சொல். வடமொழியில் அதன் வேர் கண்ணைக் குறிக்கும் 'அக்ஷ'. கண்ணால் கண்டவரே சாட்சி. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 60ஆம் பிரிவில், பார்த்த செய்தியானால் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும், காதால் கேட்ட செய்தியானால் கேட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தின் பெயரான 'பாரதிய சாக்ஷ்ய அதினியம்' என்பதிலும் அதே சொல்தான் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறியவருக்கு வழக்கை நடத்தும் வேலை இல்லை. அதற்கு வக்கீல் இருக்கிறார். தீர்ப்பு சொல்லும் வேலையும் இல்லை. தான் கண்டதைச் சொல்லிவிட்டு இறங்கினால் போதும்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை இன்னும் ஆழமாக உழுதிருக்கிறார்கள். "நல்ல சாட்சியுள்ள குடும்பம்" என்றால் ஊரில் நல்ல பெயர் எடுத்த குடும்பம். ஒருவர் கடன் வாங்கி ஏமாற்றினால் "சாட்சி கெட்டுப்போச்சு" என்பார்கள். வாயால் சொல்வதும் வாழ்ந்து காட்டுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கிரேக்கத்தில் சாட்சியைக் குறிக்கும் 'மார்த்துஸ்' என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் விசுவாசத்துக்காக உயிர்விட்டவரைக் குறிக்கும் சொல்லாக மாறியது. அம்மொழிகளில் பழைய பொருள் மங்கிவிட்டது. தமிழிலோ சீர்திருத்தச் சபையார் 'இரத்தசாட்சி' என்றும் கத்தோலிக்கர் 'மறைசாட்சி' என்றும் சொல்லி, கண்டதைச் சொன்னவர் என்ற பொருளை அழியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் இத்தகைய சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பிறவிக் குருடராக இருந்து பார்வை பெற்றவரை யோவான் 9ஆம் அதிகாரத்தில் பரிசேயர் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்ற வாதத்துக்குள் இழுக்கிறார்கள். அது தனக்குத் தெரியாது, பார்வை இல்லாமல் இருந்தேன், இப்போது பார்க்கிறேன், அது மட்டும் தெரியும் என்று அவர் நின்றுகொள்கிறார். சமாரியப் பெண் தண்ணீர்க் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறார். அவர் பேச்சைக் கேட்டு வந்த ஊரார், இனி உன் சொல்லுக்காக நம்பவில்லை, நாங்களே நேரில் கேட்டுவிட்டோம் என்கிறார்கள். சாட்சியின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பிசாசு நீங்கிய மனிதர் படகில் கூடவே வருவதாகக் கெஞ்சுகிறார். இயேசு ஏற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் உன் சொந்தக்காரர்களிடம் நடந்ததைச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். படகு ஏறி ஊர் ஊராகப் போவதைவிட வீட்டுக்குத் திரும்பிப் போவது கடினமான வேலை என்பது, வீட்டில் சாட்சி சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவர்கள் எல்லோரையும்விடப் பவுலின் கதையை நிதானமாகப் படிக்க வேண்டும். தமஸ்கு வழியில் அவருக்கு நேர்ந்தது அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று முறை வருகிறது. 9ஆம் அதிகாரத்தில் நூலாசிரியர் சொல்கிறார். 22லும் 26லும் பவுல் தானே சொல்கிறார். எருசலேமில் கோட்டைப் படிக்கட்டில் நின்று, தன்னைக் கொல்ல வந்த கூட்டத்திடம் அவர்களுடைய மொழியிலேயே பேசும்போது, கமாலியேலின் காலடியில் படித்ததைச் சொல்கிறார். தனக்குப் பார்வை திரும்பக் காரணமான அனனியா நியாயப்பிரமாணத்தின்படி நடந்தவர், யூதர் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்தவர் என்று விளக்குகிறார். அகிரிப்பா ராஜாவின் முன்னால் அதே கதையைச் சொல்லும்போது அனனியா வரவே இல்லை. ராஜாவுக்கு அனனியா யார்? நிகழ்ச்சி மாறவில்லை, எதிரே இருப்பவருக்குத் தக்கபடி எதைச் சொல்வது, எதை விடுவது என்பது மாறியது. அந்த விசாரணையின் முடிவில், கேட்கிற எல்லோரும் தன்னைப் போல ஆக வேண்டும் என்று விரும்புவதாகச் சொன்ன பவுல், தன் கையில் கிடக்கும் சங்கிலி தவிர என்று சேர்த்துக்கொள்கிறார். தன் கதையைச் சொல்பவர் கேட்பவர்மேல் வைக்க வேண்டிய அன்பு எவ்வளவு என்பதை அந்த ஒரு சேர்க்கை காட்டிவிடுகிறது.

பிற்பாடு இந்தக் கதைக்கு ஒரு வார்ப்பு உருவானது. 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் மனம் திரும்பிய அகஸ்டீன், ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து 'ஒப்புதல்கள்' நூலை எழுதத் தொடங்கினார். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைப் பக்கம் பக்கமாக அலசுகிறார். அவர் பேசுவது கடவுளிடம். வாசகர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நூலின் அடக்கம் பின்னால் வந்த பலரிடம் இல்லை. 1738 மே 24 இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தன் உள்ளம் அனலாகிய நேரம் ஒன்பதுக்குக் கால்மணி முன்பு என்று ஜான் வெஸ்லி குறித்து வைத்தார். இன்று தமிழ்நாட்டு ஜெபக் குழுக்களில் "நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியின் மூதாதையரை இப்படிப்பட்ட குறிப்புகளில் பார்க்கலாம்.

அந்தத் தேதி இல்லாதவர் என்ன செய்வார்? இதற்கு ஒரு சபை பட்ட பாட்டை வரலாறு வைத்திருக்கிறது. 1630களில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் சபையார், முழு உறுப்பினராக விரும்புகிறவர் தன் மனந்திரும்புதலைச் சபை முன் சொல்லிக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். கடல் கடந்து வந்த முதல் தலைமுறையிடம் சொல்லக் கதை இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே விசுவாசத்தில் வளர்ந்தவர்கள். இருளிலிருந்து ஒளிக்கு வந்த கதை அவர்களிடம் எங்கிருந்து வரும்? பலர் வெளியிலேயே நின்றார்கள். கடைசியில் 1662இல் பாஸ்டனில் கூடிய சபைத் தலைவர்கள், அவர்களுடைய குழந்தைகளுக்காவது ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பாதி வழி ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் அந்தப் பாஸ்டன் பிள்ளைகளின் நிலையில் இலட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். இங்கே கிறிஸ்தவம் பரவிய விதம் அப்படி. தனி ஒருவர் மனம் மாறி வந்ததும் உண்டு. ஆனால் குடும்பமாக, தெருவாக, ஊராக "வேதத்தில் சேர்ந்தவர்கள்"தான் மிகுதி. 1799இல் சாத்தான்குளத்தை அடுத்து உருவான முதலூர், துன்புறுத்தலுக்குத் தப்பிய புதுக் கிறிஸ்தவர்கள் ஒன்றாகக் குடியேறிய ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஆறாம் தலைமுறையாகப் பிறந்த பெண்ணை எழுப்பி, இயேசுவை எப்போது கண்டுகொண்டாய் என்று கேட்டால் அவள் விழிப்பாள். விழிப்பது விசுவாசக் குறைவு ஆகாது. அந்தக் கேள்வி வேறொரு மண்ணில் தைத்த சட்டை.

இருந்தாலும் தன் மாற்றத்தைச் சொல்லும் கதை தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. சமணத்திலிருந்த தருமசேனர் சூலை நோயால் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்து, திருவதிகையில் நாவுக்கரசராக ஆனதைப் பெரியபுராணம் சொல்கிறது. நோய், கண்ணீர், ஒரு பெண்ணின் நெடிய வேண்டுதல், திரும்பி வருதல் என்று அதன் அடுக்கு அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை பாடியபோது தமிழர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரம் மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர் அவர். தம்பியும் நண்பரும் முன்னே போக, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளியான அவருடைய இரட்சணிய யாத்திரிகத்துக்கு ஜான் பனியனின் கதைதான் சட்டகம். அதற்குள் உருகும் நெஞ்சு ஆழ்வார்களிடம் பயின்றது. தான் கிறிஸ்தவரான வரலாற்றை உரைநடையிலும் எழுதி வைத்தார்.

தெற்கே இன்னும் பழைய கதைகள் உண்டு. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவிப்பவராக ஆனார். நட்டாலத்தில் பிறந்து அரண்மனைப் பணியிலிருந்த நீலகண்டபிள்ளை, அடுத்தடுத்து இழப்புகளால் சோர்ந்திருந்தபோது டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சொன்னவரும் எல்லாவற்றையும் இழந்து அந்நிய மண்ணில் கைதியாகக் கிடந்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெயித்தவர் ஒருவர் தோற்றவரைத் தேற்றிய காட்சி அன்று அது. 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்ற அவர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

மயிலாடி மகாராசனின் கதை இதைவிட அமைதியானது. சிதம்பரத்துக்கு யாத்திரை போய் மன நிறைவு இல்லாமல் திரும்பியவர், வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கி, அங்கே கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். வேதமாணிக்கம் என்று பெயர் பெற்று ஊர் திரும்பியதும் தன் உறவுக்காரர்களிடம்தான் முதலில் சொன்னார். 1806இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது, அங்கே அவருக்காக ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை வரலாற்றை மிஷனரியின் வருகையிலிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் அது ஒரு தமிழர் தன் மாமன் மச்சான்களிடம் திண்ணையில் பேசியதிலிருந்து தொடங்குகிறது.

இங்கே ஒரு கேள்வியை மறைக்காமல் கேட்க வேண்டும். யாருடைய கதை ஏட்டில் ஏறியது? கிருஷ்ணபிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் கட்டிய பிராமண விதவை குளோரிந்தாவுக்குப் பெயர் இருக்கிறது. அதே காலத்திலும் பிறகும் வந்த சாணார், பறையர், சக்கிலியர் ஆயிரக்கணக்கானவர்கள் மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். இன்றும் கன்வென்ஷன் நோட்டீஸில் 'முன்னாள் இன்னார்' என்று உயர்ந்ததாக எண்ணப்படும் சாதியின் பெயரைப் போட்டுப் பேச்சாளரை அழைக்கும் வழக்கம் சாகவில்லை. கிறிஸ்துவில் சாதி இல்லை என்று சொல்ல வருகிற மேடையில், ஆளைக் கவருவதற்குச் சாதியையே கொடியாகப் பிடிப்பது சாட்சியைக் கெடுக்கிற வேலை.

இதை நேராக எதிர்கொண்டவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் சென்றவர். அங்கே அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்துக் கூலி விவசாயிகள். எழுத்து தெரியாதவர்கள். அவர்களால் சுவிசேஷம் சொல்ல முடியுமா என்று மற்றவர்கள் ஐயப்பட்டபோது, அசரியா ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரையும் தங்கள் தலைமேல் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், இந்த நற்செய்தியைச் சொல்லாவிட்டால் எனக்குக் கேடு என்ற கருத்தில் உறுதி சொல்ல வைத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட, எல்லோரும் தொட மறுத்த தலையில் தன் கையையே வைத்துக்கொண்டு ஒரு மாதிகாப் பெண் அதைச் சொல்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு அந்த வட்டாரத்து நிலவுடைமைச் சாதிகளிலிருந்தும் பலர் சபைக்கு வந்தார்கள். தங்கள் வயலில் வேலை செய்தவர்களிடம் கண்ட மாற்றமே காரணம் என்று அசரியா எழுதினார். இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றில் சாட்சி என்ற சொல் முழு எடையோடு நின்ற இடம் அது.

உண்மைக்குச் செலுத்த வேண்டிய கடன் தனி விஷயம். ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது தேய்ந்தும் வளர்ந்தும் உருமாறும் என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் சோதனைகளோடு காட்டினார். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவர்களிடமும் இது நடக்கிறது. கேட்பவர்கள் எந்த இடத்தில் கண் கலங்கினார்களோ அந்த இடம் அடுத்த முறை கொஞ்சம் நீளும். சாது சுந்தர் சிங்கை இதில் நினைக்காமல் இருக்க முடியாது. பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, வேதாகமத்தை எரித்து, 1904 டிசம்பர் 18 விடியற்காலையில் தரிசனம் கண்டதாகச் சொன்னவர். 1918இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அவரைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. 1920களில் ஐரோப்பாவில் அவருடைய திபெத் பயணக் கதைகளையும் கைலாச மகரிஷி பற்றிய கதைகளையும் சிலர் நம்ப மறுத்தார்கள். சுவிஸ் போதகர் ஆஸ்கர் பிஃபிஸ்டர் எதிர்த்து எழுத, ஜெர்மானிய அறிஞர் பிரெடெரிக் ஹைலர் அவரைத் தாங்கி எழுத, ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் நீண்டது. சாதுவின் பரிசுத்த வாழ்க்கையை நேரில் கண்டவர்களுக்கு அவர்மேல் அன்பு குறையவில்லை. ஆனாலும் எவரும் சரிபார்க்க முடியாத அற்புதங்கள், அவருடைய வாழ்க்கையே சொன்ன சாட்சிக்குப் பாரமாகிவிட்டன. அவருக்கு அந்த அற்புதங்கள் தேவையே இல்லை.

இன்றைய சாட்சி மேடைகளில் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. வீடியோ நன்றாக ஓட வேண்டும் என்றால் இருட்டு கன்னங்கரேலென்று இருக்க வேண்டும், வெளிச்சம் கண்ணைக் கூச வேண்டும். குடிகாரர் இன்னும் பெரிய குடிகாரராகிறார். டாக்டர் கைவிட்டதாகச் சொல்லாமல் கதையே தொடங்காது. இன்னொரு பக்கம், சாட்சி வேளை வரவுக் கணக்காகவே மாறிப்போகிறது: விசா கிடைத்தது, வீடு முடிந்தது, வேலை நிரந்தரமானது. நன்றி சொல்வது நல்லது, அதை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் விசா கிடைக்காதவர், கருத்தரிக்காதவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஜெபித்தார். அவரிடமும் கடவுளைப் பற்றிச் சொல்ல ஏதோ இருக்கிறது. அவர் கையில் மைக்கைக் கொடுக்கச் சபைக்குத் தைரியம் வேண்டும்.

கேட்பவர் பக்கம் வருவோம். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் ஹார்டிங் 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில் தனக்கு நேர்ந்ததைப் பதிந்திருக்கிறார். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் ஒரு பாப்டிஸ்ட் போதகரைப் பேட்டி காணப் போனார். போதகர் பேட்டியோடு பேட்டியாகத் தன் வாழ்க்கைக் கதையைப் பல மணி நேரம் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் சந்திப்பு ஒன்றில் எங்கிருந்தோ வந்த கார் மயிரிழையில் மோதாமல் போனது. பிரேக்கை மிதித்த அந்தக் கணத்தில் அவர் மனத்தில் எழுந்தது, கடவுள் எனக்கு என்ன சொல்ல வருகிறார் என்ற கேள்வி. அவர் விசுவாசி ஆகவில்லை. ஆனால் இன்னொருவருடைய மொழி தன்னை அறியாமலே தனக்குள் குடியேறிவிட்டதை அவர் உணர்ந்தார். சாட்சிக்கு அவ்வளவு பலம் உண்டு. பலம் உள்ள எதையும் போலவே அதையும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். துக்க வீட்டில், நோயாளியின் கட்டிலருகே, வேலைக்குக் கைகட்டி நிற்பவரிடம், அந்தப் பலத்தைப் பயன்படுத்துவது எளிது. அதனால்தான் அங்கே இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ஸ்டான்லி ஜோன்ஸ் இதைத் தன் வாழ்நாள் முழுக்கப் பழகினார். 1907இல் அமெரிக்காவிலிருந்து லக்னோவுக்கு வந்த மெதடிஸ்ட் மிஷனரி. இளமையில் தான் செய்த முதல் பிரசங்கத்தைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். கடவுளுக்கு வக்கீலாக வாதாட எல்லாவற்றையும் தயாரித்துக்கொண்டு மேடை ஏறினார். தொடக்கத்திலேயே ஒரு கடினமான சொல்லைப் போட, முன் வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். மனப்பாடம் செய்தது மொத்தமும் மறந்துபோனது. வெட்கத்தோடு இறங்கப் போனவர் நின்று, பிரசங்கம் வரவில்லை, ஆனால் கிறிஸ்து எனக்குச் செய்ததை மட்டும் சொல்கிறேன் என்று சொன்னார். தான் வக்கீல் அல்ல, சாட்சி என்பது அன்று தெரிந்தது என்கிறார். 1920களில் அவர் இந்திய நகரங்களில் வட்டமேசைக் கூட்டங்கள் நடத்தினார். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள் ஒன்றாக உட்காருவார்கள். வாதம் கூடாது. தன் சமயம் தன் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். 1928இல் வந்த அவருடைய நூல் அந்த அனுபவங்களிலிருந்து பிறந்தது. தான் பேசுவதற்குக் கேட்ட அதே உரிமையை, அதே நேரத்தை, அதே மரியாதையை எதிரே இருந்தவருக்கும் அவர் கொடுத்தார். இன்று சாட்சி சொல்லக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் கேட்கக் கற்றுக்கொடுப்பது மிகக் குறைவு.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புதல் என்ற சொல் இருக்க வேண்டுமா என்று 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபை காரசாரமாக விவாதித்தது. சென்னையிலிருந்து சென்ற டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து, 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று சொல்லி அந்தச் சொல்லை ஆதரித்தார். 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் சமயக் கொள்கைகளை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அன்றைய அரசே அதைக் கைவிட்டது.

சட்டம் வெளியிலிருந்து போடும் கோடு. உள்ளிருந்தே ஒரு கோடு 2011 ஜூனில் போடப்பட்டது. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் குழு, உலக நற்செய்திக் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து, பல சமயங்கள் வாழும் உலகில் கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்ற ஆவணத்தை வெளியிட்டன. ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போகாத அமைப்புகள் இவை. ஏழ்மையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் சேர்க்கக் கூடாது, பிற சமயங்களைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது, சமயம் மாற எண்ணுகிறவர் யோசிப்பதற்குப் போதிய காலம் வேண்டும் என்று அந்த ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. தமிழ்ச் சபைகளின் வேதபாட வகுப்புகளில் இதை வரி வரியாகப் படித்துப் பேச வேண்டும்.

காலம் கொடுப்பது என்றால் என்ன என்பதை ஒரு மராத்திக் குடும்பம் காட்டியது. கவிஞர் நாராயண் வாமன் திலக் ரயிலில் உடன் பயணம் செய்த ஐரோப்பியர் ஒருவரோடு பேச நேர்ந்தது. இறங்கும் முன் அவர் புதிய ஏற்பாடு ஒன்றைத் திலக்கின் கையில் கொடுத்தார். 1895இல் திலக் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் மனைவி லக்ஷ்மிபாய்க்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. கணவர் உயிரோடு இருக்க, சில ஆண்டுகள் பிள்ளையோடு உறவினர் தயவில் பிரிந்து வாழ்ந்தார். பிறகு சேர்ந்து வாழ வந்தபோதும் ஆசாரத்தை விடவில்லை. தனிச் சமையல், தனித் தண்ணீர். திலக் தன் சாட்சியை மனைவிமேல் திணிக்கவில்லை. சாதியைக் கடவுள்தான் படைத்தாரா என்று லக்ஷ்மிபாய் தானே யோசித்து, தானே விடை கண்டு, பிறர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். 1900இல் ஞானஸ்நானம் பெற்றார். 1930களில் அவர் எழுதி வெளிவந்த 'ஸ்மிருதிசித்ரே' மராத்தியின் மிகச் சிறந்த தன்வரலாறுகளில் ஒன்று. அதில் அவர் கணவரைப் புனிதராக்கவில்லை. கோபக்காரராக, கையில் காசு நிற்காதவராக, அன்புக்குரியவராக அப்படியே வைத்திருக்கிறார். இயேசுவைப் பற்றி மேடைப் பேச்சுகள் சொல்லாத எத்தனையோ செய்திகளை அந்தச் சமையலறைக் கதைகள் சொல்கின்றன.

அதே மராத்தி மண்ணில் பண்டித ரமாபாய். சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தா அறிஞர்கள் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்த பெண். 1883இல் இங்கிலாந்தில் வாண்டேஜ் ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். 1907இல் அவர் எழுதிய சாட்சி நூலில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: ஞானஸ்நானம் பெற்றபோது தனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ சமயம், கிறிஸ்துவைத் தான் கண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். உலகமே கொண்டாடிய ஒரு மனமாற்றத்தின் நடுவில் வெறுமை இருந்தது என்று தானே எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்.

அந்த நூல் வெளிவந்த பிறகு அவர் இன்னும் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். கேட்கானில் ஆதரவற்ற பெண்களுக்கான முக்தி சதனத்தை நடத்திக்கொண்டே, வேதாகமத்தை எளிய பெண்களுக்குப் புரியும் மராத்தியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1921இல் ஒரே மகள் மனோரமா இறந்தார். ரமாபாயின் சாட்சி நூலில் அந்தச் சாவு இல்லை. அவர் வேதாகம மொழிபெயர்ப்பில் மீதமிருந்த பக்கங்களுக்குத் திரும்பி, திருத்த வேண்டியவற்றைத் திருத்தி முடித்தார். 1922 ஏப்ரல் 5 அன்று கண் மூடினார்.